மூன்று தட்டுகள்

கல்வி என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது பள்ளிக்கூடம். கரும்பலகை, மணியோசை, வரிசையாக இடப்பட்ட பலகைகள், பாடம் நடத்தும் ஆசிரியர். ஓதப்பள்ளியாயினும் ஊர்ப் பள்ளியாயினும் இந்தச் சித்திரம் பெரிதும் மாறுவதில்லை. ஆயினும், மனித குலத்தின் நீண்ட வரலாற்றில் பெரும்பாலான குழந்தைகள் தம் முதற் பாடங்களைக் கற்றது வீட்டில்தான். அடுப்பங்கரையிலும் முற்றத்திலும் உணவு விரிப்பைச் சுற்றியும் அப்பாடங்கள் நடந்தன. அவற்றிற்கு நேர அட்டவணை கிடையாது. எதிர்பாராது ஏதேனும் ஒன்று நிகழும், குழந்தை "ஏன்?" என்று கேட்கும், பெரியவர் ஒருவர் தம் வேலையை நிறுத்தி அதற்குச் செவி சாய்ப்பார். அவ்வளவே பாடசாலை.

அவ்வாறு செவி சாய்த்த சில வீடுகளின் வரலாற்றை இங்கே காண்போம். இவ்வரலாற்றில் மூன்று தட்டுகள் வருகின்றன. ஒன்று பீங்கான் தட்டு; மற்றொன்று தகரத் தட்டு; மூன்றாவது, உணவுக்கூடத்தில் ஒருவர் விளையாட்டாக மேலே வீசிய தட்டு. மூன்றும் மூன்று நாடுகளில், மூன்று வேறு நூற்றாண்டுகளில் இருந்தவை. விலை மதிப்பற்ற இப்பொருள்கள் அறிவுலக வரலாற்றில் இடம் பெற்றது எவ்வாறு?

பீங்கான் தட்டு

பிரான்சு நாட்டின் கிளர்மான் நகரில் 1623-ஆம் ஆண்டு பிறந்தவர் பிளேஸ் பாஸ்கல். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியேன் பாஸ்கல் வரி வழக்குகளை விசாரிக்கும் மன்றத்தில் உயர் பதவி வகித்தவர். கணிதத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவர். மனைவியை இழந்த அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-ல் தம் மக்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். மகனை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை, தாமே ஆசிரியரானார்.

அவருடைய கற்பிக்கும் முறையை மூத்த மகள் கில்பர்ட் எழுதி வைத்திருக்கிறார். குழந்தையின் வயதுக்கும் வலுவுக்கும் மிஞ்சிய பாடத்தை ஒருபோதும் சுமத்தலாகாது என்பது தந்தையின் முதல் விதி. அக்காலத்தில் கல்வியின் தலைவாயிலாகக் கருதப்பட்ட லத்தீன் மொழியைப் பன்னிரண்டு வயது வரை அவர் தொடங்கவேயில்லை. அதற்கு முன், மொழி என்பது யாது, இலக்கணம் எதற்காகத் தோன்றிற்று என்பதைப் பேச்சு வாக்கில் விளக்கினார். வெடிமருந்து ஏன் வெடிக்கிறது என்பது போன்ற இயற்கை வியப்புகளைப் பற்றி மகனுடன் உரையாடினார். சொன்ன காரணம் சரியாகப் படவில்லையென்றால் சிறுவன் பிளேஸ் விடமாட்டான். தானே வேறு காரணத்தைத் தேடுவான்.

ஒருநாள் உணவு மேசையில் யாரோ ஒருவர் பீங்கான் தட்டின் மீது கத்தியால் தட்டிவிட்டார். கணீரென்று ஓசை எழுந்தது. கையைத் தட்டின் மேல் வைத்ததும் ஓசை சட்டென்று நின்றது. உணவு வேளைகளில் எல்லா வீடுகளிலும் நிகழ்வதுதான். ஆனால், பதினொரு வயதுச் சிறுவனுக்கு அது பெரும் புதிராகப்பட்டது. ஓசை எங்கிருந்து வந்தது? கை பட்டதும் எங்கே போயிற்று? அவன் பல பொருள்களையும் தட்டித் தட்டிச் சோதித்தான். கண்டவற்றைக் கொண்டு ஓசையைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினான். தட்டு அதிரும்போது சுற்றியுள்ள காற்றும் அதிர்கிறது. அதுவே நம் செவியை எட்டும் ஓசை. கை அந்த அதிர்வை உள்வாங்கி அடக்கிவிடுவதால் ஓசையும் அடங்கிவிடுகிறது. இன்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் உள்ள இவ்வுண்மைக்குள் அச்சிறுவன் நுழைந்த வாயில் ஓர் உணவுத் தட்டு!

எத்தியேன் ஒரு தடையும் விதித்திருந்தார். கணிதம் மனத்தை முழுவதுமாகக் கவர்ந்துகொள்ளும். மொழிப் பாடம் கெட்டுவிடும் என்று அஞ்சி, வடிவக் கணித நூல்களை மகனின் கண்ணிலிருந்து மறைத்து வைத்தார். மகனோ, விளையாட்டு நேரத்தில் தரையோடுகளின் மீது கரித்துண்டால் படங்கள் வரையலானான். கோட்டுக்கும் வட்டத்துக்கும் உரிய பெயர்கள் தெரியாததால் "கம்பி" என்றும் "வளையம்" என்றும் தானே பெயரிட்டுக்கொண்டான். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்ற இடத்தை அவன் நெருங்கியிருந்தபோது தந்தை அறைக்குள் வந்தார். கண்டதும் கோபம் வரவில்லை, கண்ணீர் வந்தது. நண்பரிடம் ஓடிச் சென்று செய்தியைச் சொன்னார். தடையை நீக்கினார், யூக்ளிடின் நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். (கிரேக்கத்தில் தோன்றிய அந்நூலை அரபி மொழியின் வழியாகவே மேற்கு ஐரோப்பா 12-ஆம் நூற்றாண்டில் முழுமையாகப் பெற்றது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.)

தம்பி மீது கொண்ட அன்பால் தமக்கை கதையைச் சற்று மெருகேற்றியிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவதுண்டு. அது எவ்வாறாயினும், பதினாறு வயதில் கூம்பு வெட்டுகளைப் பற்றிப் பாஸ்கல் எழுதிய கட்டுரை கதையன்று. வரிக் கணக்குகளில் மூழ்கித் தவித்த தந்தைக்கு உதவுவதற்காக 1642-ல் அவர் அமைக்கத் தொடங்கிய கணக்கிடும் இயந்திரமும் கதையன்று. தமக்குக் கற்பித்த தந்தைக்கு மகன் செலுத்திய குருதட்சணை அது எனலாம்.

தகரத் தட்டு

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. ஸ்காட்லாந்தின் தென்மேற்கே, நகரங்களுக்கு வெகு தொலைவில், கிளென்லேர் என்னும் பண்ணை வீடு. ஜான் கிளார்க் மாக்ஸ்வெல் வழக்கறிஞர்; ஆனால் இயந்திரங்களின் மீதுதான் அவருக்குக் காதல். மனைவி பிரான்சிஸுக்கு ஏறத்தாழ நாற்பது வயதானபோது, 1831-ல் எடின்பரோவில் பிறந்தான் ஜேம்ஸ். முன்பு பிறந்த பெண் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் அவர்கள்.

மூன்று வயதும் நிரம்பாத ஜேம்ஸிடம் விளையாடுவதற்காகச் செவிலி ஒரு புதுத் தகரத் தட்டைக் கொடுத்தாள். அதில் வெயில் பட்டது. அறைச் சுவரில் ஒளி வட்டம் ஒன்று துள்ளியது. பெற்றோரை உடனே அழைத்து வருமாறு பிள்ளை அடம் பிடித்தது. அவர்கள் வந்தபோது, தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி, சூரியனைத் தான் அறைக்குள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டதாக அறிவித்தது! அந்தத் தாயும் தந்தையும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள், பார்த்தார்கள் என்பதே இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது.

அந்த வீட்டின் அறைகளிலிருந்து சமையற்கட்டுக்குக் கம்பிகள் ஓடின. இங்கே இழுத்தால் அங்கே மணி ஒலிக்கும். அக்கம்பிகள் எந்தச் சுவருக்குள் நுழைந்து எங்கே வெளிவருகின்றன என்று ஜேம்ஸ் தந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேடுவான். குளத்து நீர் எவ்வழியாகச் சுவரைக் கடக்கிறது, பூட்டு எவ்வாறு திறக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. இது எப்படி இயங்குகிறது என்பான். மேலோட்டமாக ஒரு விடை கூறினால் நிறைவடையாமல், சரியாக எப்படி என்று மறுபடியும் கேட்பான். மூன்று வயதுக்கும் குறைந்த பிள்ளையின் இவ்வாராய்ச்சிகளைத் தாய் தம் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் 1834-லேயே குறித்திருக்கிறார்.

எழுத்தும் வாசிப்பும் வேதப் பாடமும் தாயே கற்பித்தார். 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதத்தை எட்டு வயதில் ஜேம்ஸ் மனனமாக ஒப்பிப்பான். மனனமும் வினாவும் அந்த வீட்டில் ஒன்றோடொன்று பகைகொள்ளவில்லை. குழந்தைகளுக்கு மறை வசனங்களை மனனம் செய்விக்கும் நம் குடும்பங்களுக்கு இச்செய்தி இனிக்கும்.

ஆனால் அந்த இனிமை நீடிக்கவில்லை. தாயின் வயிற்றில் புற்று வளர்ந்தது. மயக்க மருந்து அறியப்படாத காலத்தில் நடந்த அறுவைச் சிகிச்சையைத் தாங்கியும் அவர் பிழைக்கவில்லை. 1839 டிசம்பரில் அவர் மறைந்தபோது ஜேம்ஸுக்கு எட்டு வயது.

வீட்டுக் கல்வியின் மறுபக்கத்தை இங்கேதான் காண்கிறோம். தந்தை, பதினாறு வயது இளைஞன் ஒருவனை வீட்டு ஆசிரியனாக அமர்த்தினார். வீடு அதேதான், குளமும் மணிக்கம்பியும் அவைதாம். ஆனால் கேள்வி கேட்டவனுக்கு இப்போது தலையில் அளவுகோலால் அடி விழுந்தது. இரத்தம் கசியும் வரை காது திருகப்பட்டது. அந்த ஆசிரியனின் கணிப்பில் ஜேம்ஸ் ஒரு மந்த புத்திக்காரன்! பிள்ளை வாய் திறந்து தந்தையிடம் முறையிடவில்லை. ஒருமுறை துணி துவைக்கும் மரத்தொட்டியில் ஏறிக் குளத்தின் நடுவே சென்று நின்றுகொண்டதுதான் அவன் செய்த எதிர்ப்பு. சிற்றன்னை ஜேன் நிலைமையை அறிந்துகொண்ட பின்னரே, 1841-ல் அவன் எடின்பரோவில் உள்ள பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

ஆசிரியரின் கடுமை மாணவனை என்ன செய்யும் என்பதை இதற்கு நாலரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1377-ல், இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் ஆராய்ந்திருக்கிறார். அடக்குமுறையில் வளரும் சிறுவர்களின் உள்ளம் சுருங்கிவிடும்; ஊக்கம் குன்றிச் சோம்பல் குடிபுகும்; தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் வேடமும் பழகும் என்பது அவர் முடிவு. அதே இடத்தில், கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகனின் ஆசிரியருக்கு இட்ட கட்டளையையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். பயனுள்ள ஒன்றைக் கற்பிக்கும் வாய்ப்பைத் தேடாமல் ஒரு நாழிகையும் கழிய விடாதே. ஆனால் பிள்ளையின் மனம் நோகும்படி கற்பித்து அதைச் சாகடித்துவிடாதே என்பது அதன் சாரம். வாழ்வின் ஒவ்வொரு நாழிகையும் பாடமாகலாம் என்பதை அக்கட்டளை உணர்ந்திருந்தது. அதன் எல்லையையும் உணர்ந்திருந்தது.

பள்ளியிலும் ஜேம்ஸுக்குத் தொடக்கம் இனிதாயில்லை. தந்தை தாமே வடிவமைத்த சட்டையையும் காலணியையும் கண்டு மற்றப் பிள்ளைகள் எள்ளி நகையாடினர்; "கிறுக்கன்" என்ற பொருளில் பட்டப் பெயரும் சூட்டினர். ஆனால் தாயிடம் பழகிய கேள்வி அவனுடன் இருந்தது. குண்டூசிகளையும் நூலையும் கொண்டு புதுவகை முட்டை வடிவக் கோடுகளை வரையும் வழியை அவன் கண்டான். 1846-ல் எடின்பரோ அரச சங்கத்தில் அக்கட்டுரையைப் பேராசிரியர் போர்ப்ஸ் படித்தார். ஆசிரியருக்கு வயது பதினான்கே ஆகியிருந்ததால் அவரே சபை ஏற இயலவில்லை. 1865-ல் வெளியான மாக்ஸ்வெலின் பெருங் கட்டுரை, ஒளி என்பது மின்காந்த அலையே என்று நிறுவியது. வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அந்த உண்மையின் மீது எழுந்தவை. தகரத் தட்டில் சூரியனைப் பிடித்த குழந்தை, ஒளியின் இயல்பையே பிடித்துவிட்டது! 1879-ல், தாயின் உயிரைக் குடித்த அதே வகை நோயால், நாற்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார்.

வீசிய தட்டு

மூன்றாம் வீடு அமெரிக்காவில், நியூயார்க் நகரின் ஓரத்தில் உள்ள ஃபார் ராக்கவேயில் இருந்தது. மெல்வில் ஃபைன்மன் சிறு வயதில் ருஷ்யப் பேரரசிலிருந்து குடியேறியவர். சீருடை விற்பனைத் தொழிலில் இருந்தார். கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். பாஸ்கலின் தந்தையைப் போன்ற புலமையோ, மாக்ஸ்வெலின் தந்தையைப் போன்ற செல்வமோ அவரிடம் இல்லை. 1918-ல் பிறந்த மகன் ரிச்சர்ட் ஊர்ப் பள்ளியில்தான் படித்தான். வீட்டுப் பாடம் மாலையிலும் விடுமுறையிலும் நடந்தது.

மகனை மடியில் அமர்த்திக் கலைக்களஞ்சியம் படிப்பார் மெல்வில். இருபத்தைந்து அடி உயரமுள்ள பண்டை விலங்கு, ஆறடி அகலமுள்ள தலை என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். அது நம் முற்றத்தில் நின்றால் மாடிச் சன்னல் வரை எட்டும். ஆனால் தலை பெரிதாகையால் உள்ளே நுழையாது என்று விளக்குவார். எண்ணை எண்ணாக விடாமல், கண்ணால் காணும் காட்சியாக்கிய பிறகே அடுத்த வரிக்குச் செல்வார். பறவை ஒன்றைக் கண்டால், பல மொழிகளில் அதன் பெயரை அடுக்கிவிட்டு, இத்தனை பெயர் அறிந்தும் பறவையைப் பற்றி நாம் ஒன்றும் அறியவில்லை. வா, அது என்ன செய்கிறதென்று பார்ப்போம் என்பார்.

ஒருநாள் ரிச்சர்ட் தன் விளையாட்டு வண்டியை இழுத்தபோது அதிலிருந்த பந்து பின்புறம் உருண்டது. வண்டியைச் சட்டென நிறுத்தியபோது முன்புறம் உருண்டது. காரணம் கேட்டான். அது ஏனென்று ஒருவருக்கும் தெரியாது என்று தொடங்கினார் தந்தை. ஓடுவது ஓடிக்கொண்டேயிருக்க முயலும். நிற்பது நின்றுகொண்டேயிருக்க முயலும். அதற்கு நிலைமம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் ஏன் அப்படி என்பது யாருக்கும் விளங்கவில்லை என்றார். பக்கவாட்டில் நின்று தரையை ஒட்டிப் பார்க்கவும் சொன்னார். பார்த்தால், பந்து பின்னோக்கி ஓடவேயில்லை. தரையைப் பொறுத்தவரை சிறிது முன்னோக்கித்தான் நகர்ந்தது! வண்டியின் பின்பலகைதான் பந்தை நோக்கி வந்தது. பெயரை அறிவது வேறு, பொருளை அறிவது வேறு என்ற பாடத்தை மகன் கடைசி வரை மறக்கவில்லை.

1945-ல் ரிச்சர்டின் இளம் மனைவி காசநோயால் இறந்தார். மறு ஆண்டு தந்தையும் மறைந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றிருந்த ரிச்சர்டுக்கு, தம் சிந்தனை ஊற்று வற்றிவிட்டதென்றே தோன்றியது. அந்நாட்களில் ஒருநாள், உணவுக்கூடத்தில் யாரோ விளையாட்டாகத் தட்டொன்றை மேலே வீசினார். பல்கலைக்கழகத்தின் சிவப்பு முத்திரை பதித்த தட்டு. அது தள்ளாடியபடி சுழன்று இறங்கியது. தள்ளாட்டத்தின் வேகத்துக்கும் சுழற்சியின் வேகத்துக்கும் உள்ள தொடர்பு என்ன? ஃபைன்மன் கணக்கிட்டுப் பார்த்தார். சாய்வு சிறிதாக இருந்தால் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு. இதனால் என்ன பயன் என்று மூத்த பேராசிரியர் பேத்தே வினவியபோது, பயன் ஏதுமில்லை. மகிழ்ச்சிக்காகச் செய்தேன் என்பதே விடை. அந்த மகிழ்ச்சி மீண்டதும், விட்ட ஆய்வும் மீண்டது. மாக்ஸ்வெல் விளக்கிய ஒளியை அணுவினும் நுண்ணிய உலகில் விளக்கிய அந்த ஆய்வுக்காக 1965-ல் மற்றிருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேகங்களில் எது இரு மடங்கு என்பதைப் பின்னாளில் நினைவிலிருந்து சொல்லும்போது அவர் தலைகீழாகச் சொல்லிவிட்டார் என்பது ஒரு சுவையான செய்தி. உண்மையில் தள்ளாட்டமே இரு மடங்கு விரைவானது.

அதே வீட்டின் இன்னொரு பிள்ளை

இத்துடன் முடித்தால் வரலாறு அரைகுறையாகிவிடும். ரிச்சர்டுக்கு ஒன்பது வயது இளைய தங்கை ஒருத்தி உண்டு, பெயர் ஜோன். விஞ்ஞானம் கற்க விரும்பிய அச்சிறுமியிடம், பெண்களின் மூளை அதற்கு ஏற்றதன்று என்று தாயே கூறிவிட்டார். பந்தும் வண்டியும் பறவையும் பாடமான அதே வீட்டில் ஒரு கதவு மூடப்பட்டது.

அதைத் திறந்தவர் அண்ணன். ஒருநாள் இரவு உறங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பி, அருகிலிருந்த திறந்த வெளிக்கு அழைத்துச் சென்றார். வானில் பச்சை ஒளித்திரைகள் அசைந்து ஆடின. துருவ ஒளி! அந்த ஊரில் எளிதில் காணக் கிடைக்காத காட்சி. அது எவ்வாறு உண்டாகிறது என்பது முழுமையாக யாருக்கும் தெரியாது என்றும் அவளிடம் கூறினார். தந்தை தமக்குச் சொன்ன அதே சொல். பின்னர் வானியல் நூலொன்றைப் பரிசளித்தார். அதிலிருந்த வரைபடம் ஒன்றின் கீழே சிசிலியா பெய்ன் என்ற பெண் விஞ்ஞானியின் பெயரைக் கண்டாள் ஜோன். பெண்ணாலும் இயலும் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. 1958-ல் டாக்டர் பட்டம் பெற்று, சூரியக் காற்றையும் துருவ ஒளியையும் ஆராய்ந்த வானியல் பௌதிக அறிஞரானார். 2020-ல் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். பாஸ்கலின் கதையை உலகுக்குத் தந்தவரும் ஒரு சகோதரியே என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

வரலாறு உணர்த்துவது

இவ்வீடுகளை ஒப்பிட்டால் செல்வம், பட்டம், மொழி எதுவும் பொதுவாயில்லை. மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை சிலவே. குழந்தை அழைத்தபோது பெரியவர் வந்தார். பெயரை மட்டும் சொல்லி வாயை அடைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கூற வெட்கப்படவில்லை. தாம் இட்ட தடையே தவறென்று கண்டபோது எத்தியேன் அதை விலக்கிக்கொண்டார்.

வீடு பள்ளிக்கு மாற்று என்று இவ்வரலாறு கூறவில்லை. பாஸ்கல் பாரிஸின் கணித அறிஞர் அவைக்குச் சென்றார். மாக்ஸ்வெலைக் கொடுமையிலிருந்து மீட்டது பள்ளி. ஃபைன்மன் பள்ளி மாணவராகவே வளர்ந்தார். வீடு கேள்வியைத் தந்தது. விடை தேடும் கருவிகளை வெளியுலகம் தந்தது. கேள்வியே இல்லாமல் கருவிகளை மட்டும் பெறும் பிள்ளை, தேர்வு முடிந்ததும் அவற்றைக் கீழே போட்டுவிடும்.

நம் வீடுகளிலும் சஹனைச் சுற்றி அமர்கிறோம். கரண்டி பட்டு ஓசை எழுகிறது. கழுவிக் கவிழ்த்த தட்டில் பட்ட வெயில் சுவரில் துள்ளுகிறது. வாப்பா கடைக் கணக்கிலும் உம்மா அடுப்பு வேலையிலும் மூழ்கியிருக்கும் நேரத்தில்தான் பிள்ளை வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும். அப்போது மகனுக்கு ஒரு விடையும் மகளுக்கு வேறொரு விடையும் கூறாமல், இருவருடனும் எழுந்து சென்று ஒரு கணம் பார்ப்போமாக. பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. பார்க்க மறுத்த வீடுகளில் எத்தனை மாக்ஸ்வெல்களும் ஜோன்களும் வாய் மூடிப் போனார்கள் என்பதை மட்டும் எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை.